புதிய விமானங்களும் பழைய கிடங்குகளும்: உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பிய விமானப்படைகள்

கேள்வி

ரஷ்யா 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்த பிறகு, ஐரோப்பிய விமானப்படைகளைப் பற்றி ஒரு கதை உறுதிப்பட்டுவிட்டது. பனிப்போர் முடிந்ததும் ராணுவச் செலவைக் குறைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நாடுகள், போர் எல்லையோரம் வந்ததும் பதறி எழுந்து, அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தை வரிசையில் நின்று வாங்கின என்பது அந்தக் கதை. ஒப்பந்தத் தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இதன் முதல் பாதி ஆட்டம் காண்கிறது. போர்க்களம் எதைக் காட்டியது என்று பார்த்தால் இரண்டாம் பாதியும் முழுமையாக இல்லை.

இந்த நாடுகள் போர் கற்பித்ததைத்தான் வாங்குகின்றனவா, அல்லது முன்பே வாங்க நினைத்ததைப் போரின் பெயரால் வாங்குகின்றனவா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானங்களைப் பொறுத்தவரை போர் புதிதாக உண்டாக்கிய முடிவுகள் குறைவு. முன்பே எடுத்த முடிவுகளை அது விரைவுபடுத்தியது, எண்ணிக்கையைக் கூட்டியது. போர் அம்பலப்படுத்திய குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன: ஏவுகணைக் கையிருப்பில், தாக்குதலைத் தாங்கும் தளங்களில், எதிரியின் வான்பாதுகாப்பை உடைக்கும் பயிற்சியில். அங்கே வேலை மெதுவாக நடக்கிறது என்பதே என் கவலை.

தேதிகள் சொல்வது

1975இல் பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே ஆகிய நான்கு நாடுகளும் கூட்டாக எஃப்-16 விமானத்தைத் தேர்ந்தெடுத்தன. அந்த விமானங்களுக்கு வயதானபோது நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக எஃப்-35ஐத் தேர்ந்தன: நார்வே 2008இல், நெதர்லாந்து 2013இல், டென்மார்க் 2016இல், பெல்ஜியம் 2018இல். போலந்து 32 எஃப்-35 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2020 ஜனவரியில். பின்லாந்து தன் பழைய ஹார்னெட் விமானங்களுக்கு மாற்றாக 64 எஃப்-35 வாங்குவதாக அறிவித்தது 2021 டிசம்பர் 10 அன்று; அதற்கான தேர்வுப் பணி 2015இலேயே தொடங்கிவிட்டது. ரஃபால், யூரோஃபைட்டர், கிரிப்பன், சூப்பர் ஹார்னெட் ஆகிய நான்கையும் விலக்கிவிட்டு எடுத்த அந்த முடிவின்படி, படையெடுப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆகவே இந்தப் புதுப்பித்தலின் அடித்தளம் விமானங்களின் ஆயுட்காலக் கணக்குதான். 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டது அதற்கு இன்னொரு உந்துதல். 2022 அதன்மீது வந்து விழுந்த மூன்றாவது அடுக்கு.

உடனடி எதிர்வினை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது ஜெர்மனியின் முடிவு. படையெடுப்புக்கு மூன்றாம் நாள் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் நாடாளுமன்றத்தில் 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியை அறிவித்தார். மார்ச் 14 அன்று 35 எஃப்-35 வாங்கப்போவதாக அரசு சொன்னது. ஆனால் இதிலும் ஒரு பின்கதை உண்டு. நேட்டோ ஏற்பாட்டின்படி அமெரிக்க அணுகுண்டைச் சுமக்கும் பொறுப்பு ஜெர்மனியின் டொர்னாடோ விமானங்களுக்கு இருந்தது. 1980களில் பணிக்கு வந்த அந்த விமானங்களுக்கு மாற்று எது என்ற விவாதம் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்தது. 2020இல் சூப்பர் ஹார்னெட் என்று ஏறத்தாழ முடிவாகியிருந்ததைப் போர் புரட்டிப்போட்டு, மூன்றே வாரத்தில் வழக்கை முடித்துவைத்தது.

போருக்குப் பின் புதிதாக முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். 14 கிரிப்பன் விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிவந்த செக் குடியரசு, 2023 செப்டம்பரில் 24 எஃப்-35க்கு ஏறக்குறைய 15,000 கோடி கொருனா ஒதுக்கியது. ருமேனியா 2023இல் தன் மிக்-21களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மறு ஆண்டு நவம்பரில் 32 எஃப்-35க்குக் கையெழுத்திட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் மூன்றும் பழைய எண்ணிக்கைமேல் முறையே 12, 11, 16 சேர்த்தன. ஸ்லோவாக்கியா இடைவெளியின் விலையை அறிந்த நாடு. 2022 கோடையில் மிக்-29களை நிறுத்திய அது, பின்னர் 13ஐ உக்ரைனுக்குத் தந்தது. 2018இலேயே வாங்கிவைத்த எஃப்-16களில் முதலாவது வந்தது 2024 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் அதன் வானைப் பக்கத்து நாடுகள் காத்தன.

உக்ரைன் வானத்தைப் படிக்கும் இரு வழிகள்

ரஷ்ய விமானப்படை எண்ணிக்கையிலும் தரத்திலும் உக்ரைனைவிடப் பல மடங்கு பெரிது. இருந்தும் உக்ரைன் வானத்தை அதனால் கைப்பற்ற முடியவில்லை. உக்ரைன் தன் எஸ்-300, பூக் ஏவுகணை அமைப்புகளைக் கடைசி நேரத்தில் இடம் மாற்றிச் சிதறடித்தது. முதல் சில நாள்களில் தடுமாறிய அவை மீண்டும் செயல்படத் தொடங்கியதும், ரஷ்ய விமானங்கள் உயரத்தில் பறக்க அஞ்சித் தாழ்ந்து பறந்தன. தாழ்ந்து பறந்தவற்றைத் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் வீழ்த்தின. அதே கதிதான் எதிர்ப்பக்கத்துக்கும். 2023 முதல் ரஷ்யா, பழைய இரும்புக் குண்டுகளுக்கு இறக்கையும் வழிகாட்டும் கருவியும் பொருத்தி, முன்னணியைத் தாண்டாமல் தொலைவிலிருந்தே வீசிவருகிறது. லண்டனின் ரூசி ஆய்வு நிறுவனத்தில் ஜஸ்டின் பிராங்கும் உடன் ஆய்வாளர்களும் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, இந்த முட்டுக்கட்டையை முதலில் விரிவாக விளக்கியவற்றுள் ஒன்று.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். தரையிலிருந்து ஏவும் ஏவுகணையும் ட்ரோனும் வந்தபின் ஆள் ஓட்டும் விலையுயர்ந்த போர் விமானத்தின் காலம் முடிந்தது என்பது ஒன்று. வானில் ஆதிக்கம் இல்லாவிட்டால் தரைப்போர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் பதுங்குகுழிகளில் தேங்கி மனிதர்களைத் தின்னும். அதைத் தவிர்க்கத்தான் நல்ல விமானப்படை வேண்டும் என்பது மற்றொன்று. ஐரோப்பியத் தலைமைத் தளபதிகள் பெரும்பாலும் இரண்டாம் வாசிப்பையே ஏற்கிறார்கள். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். உக்ரைனில் இரு தரப்பாலும் செய்ய முடியாமல் போனதை வைத்து, அது எவராலும் முடியாதது என்று சொல்லிவிட முடியாது. 2025 ஜூனில் இஸ்ரேல் சில நாள்களுக்குள் ஈரானிய வான்பாதுகாப்பை முடக்கி டெஹ்ரான்மீது தடையின்றிப் பறந்தது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டை ஐரோப்பியர் வசதியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இஸ்ரேலின் வெற்றிக்குப் பின்னால் பல ஆண்டு உளவு வேலை இருந்தது, அதே பணிக்கான இடைவிடாத பயிற்சி இருந்தது. ஈரானின் வான்பாதுகாப்பை 2024 அக்டோபரிலேயே ஒருமுறை உடைத்த முன்னேற்பாடும் இருந்தது. ரஷ்யாவின் அடுக்கடுக்கான வான்பாதுகாப்பு ஈரானுடையதைவிட அடர்த்தியானது. அதை உடைக்க, ரேடார் கதிரைத் தேடிச் செல்லும் ஏவுகணைகளும் மின்னணுப் போருக்கான விமானங்களும் அவற்றுக்கென்றே பயின்ற விமானிகளும் தேவை. ஐரோப்பாவில் இந்தப் பணிக்கென இருப்பவை ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் உள்ள முதிர்ந்த டொர்னாடோக்கள்தான். ஜெர்மனி 15 யூரோஃபைட்டர்களை இதற்காக மாற்றியமைக்கிறது. அவை தயாராக இந்தப் பத்தாண்டு முடிந்துவிடும். மற்ற நாடுகளில் பெரும்பாலானவை, அந்த வேலையை அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையிலேயே திட்டமிட்டு வந்தன.

கிடங்கில் என்ன இருக்கிறது?

2023 செப்டம்பர் 13 அன்று செவஸ்தபோல் துறைமுகத்தின் உலர்துறையில் நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றும் நீர்மூழ்கி ஒன்றும் ஏவுகணைத் தாக்குதலில் சிதைந்தன. தாக்கியவை பிரிட்டனும் பிரான்சும் கூட்டாகச் செய்து உக்ரைனுக்குத் தந்த ஸ்டார்ம் ஷேடோ, ஸ்கால்ப் ரக ஏவுகணைகள். அவற்றைச் சுமக்க உக்ரைனிடம் இருந்ததோ சோவியத் காலத்துச் சு-24. ரேடாருக்கு மறையும் உடலமைப்போ நவீனக் கணினியோ அந்த விமானத்தில் கிடையாது. இறக்கையின் கீழே தொங்கிய ஆயுதம்தான் கணக்கை மாற்றியது.

இதற்கு நேர் எதிரான நிலை போலந்தில். 2022இல் தென்கொரியாவிடம் 48 எஃப்ஏ-50 இலகு ரக விமானங்களை ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு வாங்க அது ஒப்பந்தம் போட்டது. முதல் 12 விமானங்கள் 2023 முடிவதற்குள் வந்திறங்கின. அவ்வளவு விரைவாக விமானம் வருவது அரிது, பாராட்டத்தக்கது. ஆனால் அவற்றுக்குப் பொருந்தும் ஏவுகணைகள் உடன் வரவில்லை என்று பின்னர் பொறுப்பேற்ற அரசே குறைகூறியது. மேம்பட்ட ரேடாரும் ஆயுதங்களும் பொருத்தப்பட வேண்டிய மீதி 36 தாமதமாகின.

இது புதிய நோய் இல்லை. 2011இல் லிபியாமீது ஐரோப்பிய விமானங்கள் குண்டுவீசியபோது, சில வாரங்களுக்குள் சில நாடுகளில் துல்லியக் குண்டுகள் தீரத் தொடங்கின. அந்த ஜூனில் பிரஸ்ஸல்ஸில் பேசிய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், பலவீனமான ஓர் அரசுக்கெதிரான சிறு நடவடிக்கைக்கே கூட்டணியின் கையிருப்பு போதவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். பதினொரு ஆண்டு கழித்து உக்ரைனில் பெரும்போர் மூண்டபோதும் கிடங்குகளின் நிலை பெரிதாக மாறியிருக்கவில்லை. விமானம் வாங்கும் நாள் அமைச்சர்கள் படம் எடுத்துக்கொள்ளும் நாள். ஏவுகணைகளைக் கிடங்கில் அடுக்கும் நாளுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. அடுக்கியவற்றுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

போலந்து, 2025 செப்டம்பர்

செப்டம்பர் 9 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் ஏறத்தாழ இருபது ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வானுக்குள் நுழைந்தன. பிரதமர் டொனால்ட் டுஸ்க் 19 அத்துமீறல்கள் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். வார்சாவின் ஷோபான் உட்பட நான்கு விமான நிலையங்கள் மூடப்பட்டன. போலந்தின் எஃப்-16களோடு, அங்கே காவலுக்கு வந்திருந்த நெதர்லாந்தின் எஃப்-35களும் மேலெழுந்தன. இத்தாலியின் கண்காணிப்பு விமானமும் நேட்டோவின் எரிபொருள் விமானமும் வானில் இருந்தன. ஜெர்மனியின் பேட்ரியட் ரேடார்கள் விழித்திருந்தன. சில ட்ரோன்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. நேட்டோ விமானங்கள் தன் உறுப்பு நாட்டின் வானில் ரஷ்ய ட்ரோன்களைச் சுட்டது அதுவே முதல் முறை.

காலையில் வயல்களிலும் வீட்டுப் புறங்களிலும் கிடந்தவற்றில் பல, கெர்பெரா என்ற ரகம்: ஒட்டுப்பலகையும் நுரைப்பொருளும் சேர்த்துச் செய்தது, பெரும்பாலும் எதிரியின் ஏவுகணைகளை வீணடிக்கவைக்க அனுப்பும் கண்ணிப்பொருள். அதை வீழ்த்தக் கிளம்பிய விமானத்தின் ஒரு மணிநேரப் பறப்புச் செலவே பல்லாயிரம் டாலர். அது ஏவும் ஏவுகணை ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர், சில ரகம் பத்து லட்சத்தையும் தாண்டும். அன்றிரவு அமைப்பு வேலை செய்தது, அதை மறுப்பதற்கில்லை. பல நாட்டு விமானங்கள் ஒரே கட்டளையின் கீழ் நிமிடங்களில் எழுந்தது பல்லாண்டுப் பயிற்சியின் பலன். ஆனால் உக்ரைன் நகரங்கள்மீது ஓரிரவில் பல நூறு ட்ரோன்கள் வருகின்றன. அந்த அளவு போலந்துமீது மூன்று இரவு தொடர்ந்து வந்தால் எத்தனை ஏவுகணை மிஞ்சும் என்பதே கேள்வி.

விடை இல்லாத கேள்வி இல்லை இது. அமெரிக்க எஃப்-16கள் லேசர் வழிகாட்டும் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளால் ஏமனின் ஹூதிப் படையினரது ட்ரோன்களை வீழ்த்திக் காட்டியுள்ளன; ஏவுகணை விலையில் சிறு பங்குதான் ஆகிறது. சரக்கு வண்டியிலிருந்து ஏவும் மெரோப்ஸ் என்ற சிறு இடைமறிப்பு ட்ரோனைப் போலந்தும் ருமேனியாவும் அந்த நவம்பரிலேயே களத்துக்குக் கொண்டுவந்தன. போர் கற்பித்ததை இரண்டு மாதத்தில் வாங்கிய இந்த வேகத்தைத்தான் மற்ற இடங்களிலும் காண விரும்புகிறேன்.

தளங்கள்

2025 ஜூன் 1 அன்று உக்ரைன், ரஷ்யாவுக்குள் லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன சிறு ட்ரோன்களால், முன்னணியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்களை எரித்தது. சைபீரியாவின் பெலாயா தளம்கூடத் தப்பவில்லை. எத்தனை அழிந்தன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திறந்தவெளியில் வரிசையாக நிறுத்திய விமானம் எத்தனை எளிய இலக்கு என்பதில் யாருக்கும் வேறுபாடு இருக்க முடியாது.

இந்தப் பாடத்தை மேற்கு ஐரோப்பாவுக்குப் பொருத்திப் பார்த்தால் கவலை கூடுகிறது. பனிப்போருக்குப் பின் சிக்கனத்துக்காகத் தளங்கள் மூடப்பட்டு, விமானங்கள் ஓரிரு இடங்களில் குவிக்கப்பட்டன. டென்மார்க்கின் எஃப்-35கள் அனைத்துக்கும் தாய்த்தளம் ஸ்க்ரிட்ஸ்ட்ரூப் ஒன்றே. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இரண்டிரண்டு. எஃப்-35 தன் பாதுகாப்பு விதிகளுக்கேற்பத் தனிக் கட்டடங்கள் கேட்கும் விமானம் என்பதால், அதைப் பல இடங்களில் பரப்புவதும் சுலபமில்லை.

வடக்கு வேறு மரபைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பின்லாந்து விமானப்படை ‘பானா’ என்ற பயிற்சியில் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை அடைத்து ஓடுபாதையாக்குகிறது. வீரர்கள் வரிசையாக நடந்து, எஞ்சினுக்குள் உறிஞ்சப்படக்கூடிய சிறு கல்லையும் பொறுக்குகிறார்கள். சாலைக்குக் குறுக்கே, ஹார்னெட்டின் வால்கொக்கியைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கயிறு கட்டப்படுகிறது. எரிபொருள் லாரியும் தொழில்நுட்பர்களும் மரங்களுக்கிடையே காத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் டெர்வோ அருகே இப்படிப்பட்ட சாலையில் நார்வேயின் இரண்டு எஃப்-35கள் இறங்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழும்பின. எஃப்-35ஏ ரகம் ஐரோப்பிய நெடுஞ்சாலையில் இறங்கியது அதுவே முதல் முறை. சுவீடனின் கிரிப்பனோ வடிவமைப்பிலேயே சாலைக்கானது. ஒரு தொழில்நுட்பரும் கட்டாய சேவையில் உள்ள ஐந்து இளைஞர்களும் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதை அடுத்த பறப்புக்குத் தயார் செய்துவிட முடியும். டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து நான்கும் தம்மிடமுள்ள ஏறத்தாழ 250 போர் விமானங்களை ஒரே படைபோல் இயக்க 2023 மார்ச்சில் உடன்பட்டன. பின்லாந்து அடுத்த மாதமும் சுவீடன் அடுத்த ஆண்டும் நேட்டோவில் சேர்ந்தன. போருக்குப் பின் ஐரோப்பாவில் நடந்த விமானப்படைச் சீர்திருத்தங்களில் மிகவும் ஆழமானது இந்த நான்கு நாட்டு உடன்பாடுதான் என்பேன். இதில் புதிய விமானத்தின் பங்கு சிறிது, ஓடுபாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தின் பங்கு பெரிது.

சாவி யார் கையில்?

எஃப்-35 வாங்கும் நாடு தொடர்ச்சியான சார்பையும் சேர்த்து வாங்குகிறது. எந்த ரேடார் எந்த அலைவரிசையில் வரும், அதற்கு விமானம் எப்படி எதிர்வினையாற்ற வேண்டும் என்ற தரவுக் கோப்புகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள எக்ளின் தளத்தில் தயாராகின்றன. நார்வேயும் இத்தாலியும் கூட்டாக நடத்தும் ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கா உக்ரைனுக்கு உளவுத் தகவல் தருவதைச் சில நாள்கள் நிறுத்தியபோது, இந்த விமானங்களைத் தொலைவிலிருந்தே முடக்கும் ரகசிய விசை உண்டு என்ற வதந்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் மறுத்தன. மறுப்பு சரியானதே. ஆனால் விசை இருக்கிறதா என்ற விவாதம் திசைதிருப்பும் விவாதம். உதிரிபாகமும் தரவுக் கோப்பும் வருவது நின்றால், விசை இல்லாமலேயே சில மாதங்களில் விமானத்தின் பயன் குறைந்துவிடும்.

விலையிலும் இந்தச் சார்பு தெரிகிறது. சுவிட்சர்லாந்து மக்கள் 2020 வாக்கெடுப்பில் 50.1 விழுக்காடு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் 600 கோடி பிராங்க் நிதிக்கு ஒப்புதல் தந்தார்கள். விலை நிலையானது என்று அரசு உறுதி சொல்லி 36 விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. 2025இல் அமெரிக்கா அது தவறான புரிதல் என்றது. 65 கோடி முதல் 130 கோடி பிராங்க் வரை கூடுதலாகலாம் என்ற நிலை வந்தது. நேரடி வாக்கில் அளந்து கொடுத்த தொகையை அயல்நாட்டு அலுவலகம் ஒன்றின் கடிதம் மாற்ற முடியுமானால், அது ராணுவச் சிக்கலாக மட்டும் நிற்காது.

டென்மார்க்கின் நடத்தை இந்த நெருக்கடியின் சிறந்த சான்று. கிரீன்லாந்தை எடுத்துக்கொள்வதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் பேசத் தொடங்கியபின், நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ராஸ்முஸ் யார்லோவ், எஃப்-35 தேர்வில் பங்கேற்றதற்கு வருந்துவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். 2025 செப்டம்பரில் நெடுந்தூர வான்பாதுகாப்புக்கு அமெரிக்கப் பேட்ரியட்டை விட்டுவிட்டுப் பிரெஞ்சு–இத்தாலியத் தயாரிப்பான சாம்ப்/டி அமைப்பை டென்மார்க் தேர்ந்தது. அடுத்த மாதமே மேலும் 16 எஃப்-35 வாங்க முடிவெடுத்தது. இதை முரண்பாடு என்று நான் படிக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் இடத்தில் விலகலாம். விமானிகளும் பட்டறையும் பயிற்சியும் ஏற்கனவே ஒரு விமானத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட இடத்தில் விலகுவதற்கு இருபது ஆண்டு பிடிக்கும்.

விலகிச் செல்ல ஐரோப்பிய விமானம் ஒன்று வேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் 2017இல் அறிவித்த எதிர்காலப் போர் விமானத் திட்டம் 2040ஐக் குறிவைத்தது. யார் தலைமை, யாருக்கு எத்தனை பங்கு என்று டாசோ, ஏர்பஸ் நிறுவனங்களிடையே நடந்த தகராறில் ஆண்டுகள் கழிந்தன. பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் கூட்டாக 2022 டிசம்பரில் தொடங்கியது 2035ஐ இலக்காகக் கொண்டது. இரண்டும் இந்தப் போருக்கான விடைகள் ஆகமாட்டா.

பார்க்க வேண்டிய வரிகள்

நேட்டோ நாடுகள் 2025 ஜூனில் ஹேக் நகரில், 2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காட்டை நேரடிப் பாதுகாப்புக்கும் 1.5 விழுக்காட்டை அதைச் சார்ந்த கட்டமைப்புக்கும் ஒதுக்குவதாக உறுதியளித்தன. பணம் வரும். அது எந்தத் தலைப்பில் செலவாகிறது என்பதில்தான் என் அக்கறை. அடுத்த சில ஆண்டுகளில் பின்லாந்தின் ரொவனியேமிக்கும் போலந்தின் வாஸ்க் தளத்துக்கும் எஃப்-35கள் வந்து இறங்கும்போது விழாக்கள் நடக்கும். நாடாளுமன்றங்கள் அப்போது கேட்க வேண்டியவை: ஒவ்வொரு விமானத்துக்கும் எத்தனை ஏவுகணைகள் கையிருப்பில் உள்ளன, அவற்றை எத்தனை மாதத்தில் மீண்டும் நிரப்ப முடியும், தாக்குதலைத் தாங்கும் கான்கிரீட் கொட்டகைகள் எத்தனை, வான்பாதுகாப்பை உடைக்கும் பயிற்சிக்கு ஒரு விமானிக்கு ஆண்டுக்கு எத்தனை மணிநேரம் கிடைக்கிறது.

சொந்தமாகப் போர் விமானமே இல்லாத பால்டிக் நாடுகள் இந்தக் கேள்விகளை வேறு வழியாக அணுகியிருக்கின்றன. 2004 முதல் அவற்றின் வானைக் கூட்டாளி நாடுகள் முறைவைத்துக் காக்கின்றன. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31கள் எஸ்தோனிய வானில் 12 நிமிடம் இருந்தபோது எதிர்கொண்டவை இத்தாலியின் எஃப்-35கள். எஸ்தோனியாவும் லாட்வியாவும் தம் பணத்தை விமானத்தில் போடாமல், 2023இல் கூட்டாக ஜெர்மனியின் ஐரிஸ்-டி நடுத்தூர ஏவுகணை அமைப்பில் போட்டன. விருந்தாளி விமானம் இறங்கும் தளத்தைக் காக்கும் கவசம் தம்முடையதாக இருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கைப் பெரிய நாடுகள் இன்னும் போட்டு முடிக்கவில்லை.